தாய்மாமன் சீரில் வந்த கீபோர்டு

என் பேத்தி மேகலா ஆண்டிமடத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். விருத்தாசலம் போகிற ரோட்டில் உரக்கடைக்கு அடுத்த கடை. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம் என்று ஜனங்கள் கேட்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் எழுதிப்போட்டு வாங்கிக் கொடுப்பதுதான் அவள் வேலை. அதற்கென்று அவளுக்கு ஒரு ஐ.டி. கொடுத்திருக்கிறார்கள். அந்த ஐ.டி. இருந்தால்தான் அது கடை. இல்லாவிட்டால் நாலு சுவரும் ஒரு மேசையும்தான்.

அந்த ஐ.டி.யை ஏழு மாதம் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு செய்தவன் எவன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அது ஏழு மாதம் இழுத்ததற்கு நான் ஒரு காரணம், என் மகன் ஒரு காரணம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மேகலாவின் புருஷன் இளவரசன் எழுதுகிறார். அவர் மருந்துக்கடையில் வேலை செய்கிறவர், பொறுமைசாலி. கீபோர்டு என்று நான் சொன்னதும் விசைப்பலகை என்று போடட்டுமா என்று கேட்டார். எங்கள் வீட்டில் யாரும் அதை அப்படிக் கூப்பிட்டதில்லை. கீபோர்டு என்றே போடச் சொன்னேன்.

மேகலா என் மகள் சாந்தாவின் பெண். சாந்தா காமாலையில் போனபோது இவளுக்குப் பதினொரு வயது. அப்பன்காரன் வேறு கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டான். நான்தான் வளர்த்தேன். நான் என்ன வளர்த்தேன், முந்திரி வளர்த்தது. எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்டால் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை இருக்கும். கொட்டையின் பால் விரலில் பட்டால் தோல் வெந்து உரியும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள், அப்படியும் கை கறுத்துப்போகும். பெரம்பலூரில் விடுதியில் தங்கி அவள் டிப்ளமோ படித்தபோதுகூட லீவில் வந்தால் கொட்டைக்குத்தான் போவாள். கறுத்த விரலோடு கம்ப்யூட்டர் தட்டுவதைப் பார்த்து கூடப் படித்த பெண்கள் மருதாணியா என்று கேட்பார்களாம். ஆமாம் என்று சொல்லிவிடுவாளாம்.

படித்து முடித்து ஜெயங்கொண்டத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆறு வருஷம் நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள்தான். அந்தக் கடையில் வேலைக்காரிக்கு நாற்காலி கிடையாது. அப்போதே முடிவு செய்தாளாம், என்றைக்காவது சொந்தக் கடை வைத்தால் வருகிறவர்களுக்கு நாலு நாற்காலி போடுவது என்று.

என் மகன் இளையபெருமாள் ரெட்டிபாளையத்தில் இருக்கிறான். சிமெண்ட் லோடு அடிக்கிற லாரி ஓட்டுகிறான். அவன் பெரிய பையனுக்கு மேகலாவைக் கேட்டான். அக்காள் மகள், கேட்க அவனுக்கு முறை உண்டு. அவள் மாட்டேன் என்றாள். பையன் மேல் குறையில்லை, மனசு இல்லை என்றாள். பிறகு இளவரசனைக் கட்டிக்கொண்டாள். நான் பேத்தி பக்கம் நின்றேன். அன்றிலிருந்து ஒன்பது வருஷம் என் மகன் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காத கல்யாணம் என்று ஊரில் இன்னும் சொல்வார்கள்.

கடை திறந்தது ஆவணி மாதம். சென்டருக்கு அனுமதி வாங்க மூன்று வருஷம் அலைந்திருந்தாள். பூசை போட்டுக் கற்பூரம் காட்டுகிற நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியது என் மகனும் மருமகள் வேணியும். கையில் ஏழு தட்டு. பழம், தேங்காய், பூ, இனிப்பு, அவளுக்குப் புடவை, இளவரசனுக்கு வேட்டி. ஏழாவது தட்டில் ஜிகினாத் தாள் சுற்றிய ஒரு பெட்டி.

கடை திறப்புக்குத் தாய்மாமன் சீர் என்று எங்கும் வழக்கம் கிடையாது. காதுகுத்துக்கு உண்டு, சடங்குக்கு உண்டு, கல்யாணத்துக்கு உண்டு. கல்யாணத்தில் விட்ட சீரை இப்போது செய்கிறான் என்று எல்லாருக்கும் புரிந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. பெட்டியைப் பிரித்தால் கீபோர்டு. வயரைச் செருகியதும் எழுத்துகளுக்கு அடியில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்கு எரிந்தது. அவன் சத்தம் போட்டுச் சொன்னான், சென்னையில் பெரிய கடையில் புதுசாக வாங்கியது, இந்தப் பக்கம் எவனிடமும் இப்படி ஒன்று கிடையாது என்று. மேகலா அவன் காலில் விழுந்து எழுந்திருக்க வெகு நேரம் ஆனது. கீபோர்டுக்குப் பொட்டு வைத்து மேசையில் வைத்தோம். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த சாதாரணக் கீபோர்டு அலமாரி மேல் போய்விட்டது.

கடை ஓடியது. நாலு நாற்காலி போட்டாள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம் படிவத்தைப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுத்தான் அனுப்புவாள். என்னை மாதிரி ஆட்கள் அதற்காகவே, பிராது மனு கட்டக் கொளஞ்சியப்பர் கோவிலுக்குப் போகிற மாதிரி மஞ்சப்பையோடு வருவார்கள். பின்பக்கம்தான் வீடு. ஒரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். கம்ப்யூட்டர் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

ஐப்பசியில் அரியலூரிலிருந்து போன் வந்தது. எங்கள் பக்கத்துச் சென்டர்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி பேசினார். அவளுடைய ஐ.டி.யிலிருந்து பதினோரு விண்ணப்பம் போயிருக்கிறது, எல்லாவற்றிலும் போலிக் காகிதம், யார் இவர்கள் என்று கேட்டார். அவளுக்கு ஒரு பெயர்கூடத் தெரியாது. பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார், மாற்றினாள். பத்து நாளில் இன்னும் ஆறு போனது.

ஜெயங்கொண்டத்திலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். வைரஸ் புகுந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். ஒரு வாரம் சும்மா இருந்தது. பிறகு மறுபடி. மறுபடி அழித்தான். மூன்றாவது தரம் கம்ப்யூட்டர் பெட்டியையே மாற்றினோம், நெட் கனெக்‌ஷனை மாற்றினோம். வயரைக்கூட மாற்றினாள் பாவம். அப்போதும் நிற்கவில்லை.

மூன்றாவது தரம் வந்தபோது அந்த மெக்கானிக் கீபோர்டைத் தட்டிப் பார்த்து, இதில் ஒரு பட்டன் ஒட்டிக்கொள்கிறது, அலமாரியில் இருப்பதைப் போட்டுவிடலாமா என்று கேட்டான். மேகலா என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

“அதுல மட்டும் கை வைக்காதீங்க தம்பி. அது சீருல வந்தது. எடுத்து மூலையில போட்டுட்டாங்கன்னு ரெட்டிபாளையத்துக்குச் சேதி போவ அரை நாள் ஆவாது.”

அவன் ஒட்டுகிற பட்டனை எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மார்கழியோடு முடிந்திருக்கும்.

தை பிறந்து நாலாம் நாள் அரியலூருக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. கணக்கை எடுத்துக் காட்டினார். எல்லா விண்ணப்பமும் மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் போயிருக்கிறது. வெளியூரிலிருந்து எவனோ பாஸ்வேர்டைத் திருடிப் போட்டிருந்தால் வேறு இடம் காட்டும், இது உங்கள் கடையில், உங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே போயிருக்கிறது என்றார். அந்த நேரம் அவள் என்னோடு சோறு தின்றுகொண்டிருந்தாள் என்றேன். நீங்கள் வீட்டு ஆள்தானே பாட்டி என்றார். விசாரணை முடிகிறவரை ஐ.டி.யை நிறுத்தி வைப்பதாகக் காகிதம் கொடுத்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் அந்தக் காகிதத்தை எட்டாக மடித்துக் கைக்குள் வைத்திருந்தாள். ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறும்போது, இறங்கு அம்மாயி என்றாள், அவ்வளவுதான்.

ஊரில் என்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் சிந்தாமணி என்று ஒருத்தி. புருஷன் செத்து வாரிசுச் சான்றிதழுக்கு மேகலாவிடம்தான் எல்லாக் காகிதமும் கொடுத்திருந்தாள். அந்தக் காகிதத்தை எடுத்து அவள் பெயரிலேயே எவனோ வேறு ஊர் முகவரி போட்டு ஒரு விண்ணப்பம் அனுப்பியிருந்தான். கிராம நிர்வாக அலுவலர் கூப்பிட்டு விசாரித்ததும் நேரே கடைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

“ஏம்மா மேகலா, எம்புருசன் செத்த காயிதத்தக்கூட வெல குடுத்து வாங்குறதுக்கு ஆளு இருக்கா?” என்றாள்.

மேகலா எழுந்து ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள். சிந்தாமணி உட்காரவில்லை. நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து ஷட்டர் திறக்கவில்லை.

ஐ.டி. இல்லாத கடைக்கும் வாடகை உண்டு. மாசி மாதம் அவள் மறுபடி முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். முப்பத்திமூன்று வயதில், படித்துக் கடை வைத்தவள், பதினைந்து வயசுப் பிள்ளைகளுக்கு நடுவில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். இளவரசன் வேண்டாம் என்றுதான் சொன்னார். அதை எழுதவில்லை போலிருக்கிறது, எழுதுங்கள் மாப்பிள்ளை. சாயங்காலம் வந்து கையைக் கழுவிக்கொண்டே இருப்பாள். கழுவினால் போகிற கறையா அது?

பங்குனியில் சுகன்யா வந்தாள். பெரம்பலூரில் இவளோடு படித்தவள், இப்போது அங்கேயே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களையெல்லாம் பராமரிக்கிற வேலை. மேகலா கொட்டை உடைக்கிறாள் என்று யாரோ சொல்லி, கோபமாக வந்தாள், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. ஷட்டரைத் திறக்கச் சொல்லி மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். போட்டுக் கொஞ்ச நேரத்தில் திரையில் கறுப்பாக ஒரு சின்னக் கட்டம் மின்னி மறைந்தது. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை.

இது எப்போதிலிருந்து வருகிறது என்று கேட்டாள். கடை திறந்ததிலிருந்தே வருகிறது, கம்ப்யூட்டர் விழிக்கும்போது அப்படி ஏதாவது ஓடும் என்று நினைத்தேன் என்றாள் மேகலா. பெட்டியை மாற்றின பிறகும் வருகிறதா என்றாள். வருகிறது. சுகன்யா கீபோர்டு வயரை உருவிவிட்டு, அலமாரி மேல் இருந்த சாதாரணக் கீபோர்டை எடுத்துச் செருகிப் போட்டாள். கட்டம் வரவில்லை. விளக்கு எரிகிறதை மறுபடி செருகினாள். வந்தது. இப்படி மூன்று தரம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். எனக்குப் படிப்பு இல்லை, ஆனால் மூன்று தரம் பார்த்தால் மாட்டுக்குக்கூடப் புரியும்.

எனக்கும் சேர்த்துத்தான் விளக்கினாள்.

“கம்ப்யூட்டரு எதையும் சந்தேகப்படும் அம்மாயி. பென் டிரைவ் வந்தா யாரு நீன்னு கேக்கும். மெயில் வந்தா சோதிச்சுப் பாக்கும். கீபோர்ட மட்டும் ஒண்ணும் கேக்காது. அதுலேருந்து வர்றதெல்லாம் மேகலா கை தட்டுறதுன்னு நம்பிக்கும்.”

அந்தக் கீபோர்டுக்குள்ளேயே ஒரு சின்னச் சில்லும் அதற்குள் ஒரு ப்ரோகிராமும் இருக்கிறதாம். எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன எழுத்து என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதானாம். ஃபர்ம்வேர் என்று பெயர் சொன்னாள். அதை எவனோ மாற்றி எழுதியிருக்கிறான். கரண்ட் வந்ததும், யாரும் தொடாமலே, அது தானாக நாலு வரி தட்டி வெளியில் இருக்கிறவனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. பிறகு அவன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, மேகலா சாப்பிடப் போன நேரம் பார்த்து, இந்தக் கம்ப்யூட்டரிலேயே வேலை செய்கிறான். பெட்டியை எத்தனை தரம் அழித்துப் போட்டாலும், போட்ட மறு நிமிஷம் கீபோர்டு மறுபடி அதே நாலு வரியைத் தட்டும். வைரஸ் பிடிக்கிற ப்ரோகிராமெல்லாம் பெட்டிக்குள்தான் தேடுமாம், கீபோர்டுக்குள் போய்ப் பார்க்காதாம்.

“அப்ப எம்புள்ளை திருடனா?” என்று கேட்டேன்.

“அப்புடி யாரு சொன்னா? யாருக்கோ வச்ச பொறியாவும் இருக்கலாம். கை மாறி இங்க வந்துருக்கலாம்.”

“புதுசால்ல வாங்கியாந்தான். அது எப்புடிக் கை மாறும்?”

அவள் கீபோர்டு வயரைச் சுற்றி மடித்தாள். நான் அதைத் தூக்கி ஏரியில் போட்டுவிட்டு விஷயத்தை விடுங்கள் என்றேன். புதுசு ஒன்றை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால் கொஞ்ச நாளில் ஐ.டி. தானாக வரும் என்றேன். சுகன்யா அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டாள். இதுதான் மேகலாவுக்கு இருக்கிற ஒரே சாட்சி, இதைத் தூக்கிப் போட்டால் தப்பு செய்தது இவள்தான் என்று ஆகிவிடும் என்றாள். நான் முறைத்தேன். அவளும் முறைத்தாள். அவளுக்கும் பிடிவாதம் உண்டு.

மூன்று பேரும் அரியலூர் போனோம். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சுகன்யா அங்கேயே செருகிக் காட்டினாள், அவருக்கும் புரிந்தது. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். இது உங்கள் கைக்கு வரும்போதே கெட்டிருந்ததா, நீங்களே கெடுத்து வைத்தீர்களா என்று நான் எதை வைத்து எழுதுவது? வாங்கின பில் எங்கே?

சீரில் வந்தது என்றாள் மேகலா. அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். சீருக்கு எவன் பில் கேட்பான்? சட்டியும் பானையும் வந்தால் தட்டிப் பார்ப்பதுகூட மரியாதைக் குறைவு. சரி, கொண்டு வந்தவர் நேரில் வந்து எங்கே, எப்போது, யாரிடம் வாங்கினது என்று எழுதிக் கொடுக்கட்டும், அதை வைத்துப் போலீஸுக்கும் அனுப்புகிறேன், உங்கள் ஐ.டி.க்கும் எழுதுகிறேன் என்றார்.

மேகலா அன்றைக்கே மாமனுக்குப் போன் போட்டாள். விஷயத்தைப் பாதிதான் சொல்லியிருப்பாள். அவன் கத்தியது எனக்கே கேட்டது. சீர் செய்த கைக்கு விலங்கு மாட்டப் பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“இனிமே மாமாவ கூப்புட வேணாம் அம்மாயி.”

“கூப்புடாம? ஐ.டி. எப்புடி வரும்?”

“வராட்டிப் போவுது. ஒம்போது வருசம் கழிச்சு வந்தாரு. திரும்ப ஒரு ஒம்போது வருசம் என்னால முடியாது. அலுத்துப் போச்சு.”

அதைச் சொல்லிவிட்டுக் கொட்டை உடைக்கப் போய்விட்டாள். சித்திரை போனது, வைகாசி போனது. கட்டடத்துக்காரர் கடையை வேறு ஆளுக்கு விடட்டுமா என்று கேட்டு அனுப்பினார். ஆனி முடிவதற்குள் சொல்வதாக இளவரசன் சொல்லிவிட்டு வந்தார். சுகன்யா இரண்டு தரம் போன் செய்தாள். மேகலா பேசிவிட்டு வைத்துவிடுவாள். அவள் அழுதிருந்தால் எனக்கு இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது. அழவில்லை, யாரையும் திட்டவில்லை. தட்டில் வைத்ததைத் தின்றாள், சொன்னதற்குத் தலையாட்டினாள். கிழவி நான்தான் அந்த வீட்டில் சுறுசுறுப்பாக இருந்தேன்.

ஆனி பிறந்ததும் ஒரு நாள் காலையில் அவளிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். அரியலூரில் மாறி ரெட்டிபாளையம் போய் இறங்கினபோது வெயில் ஏறிவிட்டது. அங்கே மர இலையெல்லாம் சிமெண்ட் தூசியில் வெளுத்திருக்கும். மகன் லோடு போயிருந்தான், மறுநாள் மத்தியானம்தான் வருவானாம். வேணி தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கவில்லை. சாப்பாடு போட்டாள். கை நனைக்க மாட்டேன் என்றேன். மகன் வீட்டில் தாய் கை நனைக்காமல் உட்கார்ந்தால் அந்த வீட்டுக்கு அதைவிடக் கேவலம் எதுவும் இல்லை. தெரிந்துதான் செய்தேன். கொண்டுபோன பாட்டில் தண்ணீரும் இரண்டு வாழைப்பழமும் இருந்தன. வேணி அழுதாள், அவள் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொல்லித் தட்டிக்கொடுத்தேன். ஆனால் சாப்பிடவில்லை.

மறுநாள் அவன் வந்தான். வாசலிலேயே வேணி சொல்லியிருப்பாள் போல. சட்டையில் சிமெண்டோடு வந்து எதிரில் குந்தினான். அவனுக்கும் ஐம்பத்திநாலு ஆகிறது.

“சோறு ஏம்மா திங்கல?”

“அரியலூருக்கு வரேன்னு சொல்லு. திங்கிறேன்.”

“நான் என்ன கம்ப்யூட்டர் படிச்சவனா? அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்புடித் தெரியும்?”

“தெரியாதுன்னு வந்து சொல்லு. அதத்தான் கேக்குறாங்க.”

“எங்க வாங்குனன்னு கேப்பான்.”

“கேட்டா சொல்லு. சொல்றதுக்கு என்ன?”

அவன் தரையில் இருந்த தூசியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான். என்னவோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே பட்டது. ஆனால் கேட்கவில்லை. பெற்றவளுக்குச் சில கேள்வியைக் கேட்க வாய் வராது.

“அவ கொட்டை ஒடைக்கிறாடா” என்றேன்.

“எவ?”

“மேகலா. மாசியிலேருந்து.”

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் அக்காள் சாந்தாவும் கொட்டை உடைத்தவள்தான். அந்தக் கூலியில்தான் இவன் லாரி லைசென்ஸ் எடுத்தான். அதை நான் சொல்லவில்லை. சொல்லாமலே எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “வேணி, அம்மாவுக்குச் சோத்தப் போடு. நாளைக்குக் காலையில போயிட்டு வந்துருவோம்” என்றான்.

மேகலாவை நேரே அரியலூருக்கு வரச் சொன்னோம். மாமனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வாங்க மாமா என்றாள். அவன் தலையை ஆட்டினான். உள்ளே அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார், எந்தக் கடை, எந்தத் தேதி என்று. சென்னை என்றான் என் மகன். சென்னையில் எந்தக் கடை என்றார். அவன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றான். சரி, வெளியில் உட்கார்ந்து நிதானமாக யோசித்து எழுதிக் கொண்டுவாருங்கள் என்று வெள்ளைத் தாளைக் கொடுத்து அனுப்பினார்.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். நடுவில் அவன், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மேகலா. தன் கையெழுத்து யாருக்கும் புரியாது, நீயே எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று தாளை அவளிடம் கொடுத்தான். அவள் பெயர், ஊர், வயது எல்லாம் எழுதினாள். பிறகு பேனாவை நிறுத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

“கடை பேரு ஞாபகம் இல்லன்னு எழுதட்டுமா மாமா?”

“கடை இல்ல.”

அப்புறம்தான் சொன்னான். சென்னையில் சிமெண்ட் இறக்கிக்கொண்டிருந்தபோது எதிரில் ஒரு ஆபீஸைக் காலி செய்துகொண்டிருந்தார்களாம். பழைய சாமான் எடுக்கிறவன் வண்டியில் ஏற்ற ஆள் இல்லாமல் இவனைக் கூப்பிட்டிருக்கிறான். ஏற்றிவிட்டதற்கு, வேண்டியதை எடுத்துக்கொள் என்றிருக்கிறான். விளக்கு எரிகிற கீபோர்டு இவன் கண்ணில் பட்டது. அந்தச் சமயம் லாரி இரண்டு மாதமாகச் சரியாக ஓடவில்லை. ஈரத்துணியால் துடைத்து, அரியலூரில் ஒரு கடையில் காலிப் பெட்டி கேட்டு வாங்கி, ஜிகினாத் தாள் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறான். சொல்லி முடிக்கிறவரை எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை.

சீர்த் தட்டில் பழசு வைக்கிறதாவது. ஏழைவீட்டில் ஒரு முழம் பூ வைத்தாலும் புதுப் பூதான் வைப்பார்கள். இந்த அசிங்கத்துக்குத்தான் போனில் அப்படிக் கத்தினானா என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. போலீஸுக்குப் பயப்படவில்லை என் மகன்.

மேகலா எழுத ஆரம்பித்து நிறுத்தினாள்.

“சென்னையில கெடைச்சதுன்னு மட்டும் போடுறேன் மாமா. பழசுன்னு போட வேணாம்.”

“பழசு, எவனோ வச்சிருந்ததுன்னு போட்டாத்தான ஒம்மேல தப்பில்லன்னு ஆவும்?”

“நாலு பேருக்குத் தெரியும். சீருக்குப் பழசு வச்சாருன்னு பேசுவாங்க.”

“ஒன்ன பேசலையா? போடு.”

“அத்தைக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரியட்டும். நீ போடு.”

அவள் எழுதினாள். பேனாவைப் பிடித்த விரல் கறுத்திருந்தது. பழையது, வேறு ஒருவர் உபயோகித்தது என்று எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள், கடைக்கு வருகிறவர்களுக்குப் படித்துக் காட்டுகிற மாதிரியே, சரிதானா என்று கேட்டாள். சரி என்று அவன் கையெழுத்துப் போட்டான். சாட்சிக்கு நான் கைநாட்டு வைத்தேன்.

அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு மூன்று பேருக்கும் டீ சொன்னார். ஆடி கடைசியில் ஐ.டி. திறந்தது.

அந்தப் பழைய சாமான்காரனைப் போலீஸ் தேடினார்கள். ஆள் கிடைக்கவில்லை. காலி செய்துபோன ஆபீஸ் யாருடையது என்றும் தெரியவில்லையாம். கீபோர்டு இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. சிந்தாமணி ஒரு நாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, வாரிசுச் சான்றிதழ் எப்போது வரும் என்று கேட்டாள். அதுவே பெரிசு. ஏழு மாதத்தில் ஜெயங்கொண்டம் போய்ப் பழகினவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. மேகலா இப்போது சாப்பிட வரும்போது எல்லாவற்றையும் அணைத்து, ஒவ்வொரு வயராக உருவிப் பைக்குள் போட்டுக் கூடவே கொண்டுவருகிறாள். சாப்பிட்டு முடித்ததும் மறுபடி ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். இத்தனையும் தேவையா என்று கேட்டால் தெரியவில்லை அம்மாயி என்கிறாள்.

என் மகன் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கோபம் இல்லை, முகம் காட்டக் கூசுகிறான். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் அவளுக்குப் போன் செய்கிறான். கடை ஓடுதா என்று அது ஒன்றைத்தான் கேட்பான்.

“ஓடுது மாமா” என்பாள். “வாங்க ஒரு நாளு.”

லோடு இருக்கிறது என்பான். அவளும் சரி மாமா என்பாள்.